எல்லைக் கோட்டில் எதைக் காப்பது?

பிரேசிலின் பொன்டா பொரா நகரில் ஒரு தெருவைக் கடந்தால் பராகுவே வந்துவிடும். அந்தப் பக்கத்து ஊர் பெட்ரோ ஹுவான் கபயேரோ. நடுவில் சுவரும் இல்லை, வேலியும் இல்லை; நாள் முழுக்க ஜனங்கள் கடைகண்ணிக்கு இங்கும் அங்கும் நடக்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் கடத்தல் கும்பலை அரசு எப்படித் தடுக்கும்? டீயைக் குடித்துக்கொண்டே யோசிப்போம்.

எல்லை நெடுகக் காவல் போட்டால் தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போமா? பிரேசிலின் நில எல்லை ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர். நூறு மீட்டருக்கு ஒருவர் என்றால் 1,70,000 பேர். மூன்று ஷிஃப்டுக்கு ஐந்து லட்சத்தைத் தாண்டும். அந்த நாட்டின் முப்படைகளிலும் சேர்த்தே அத்தனை பேர் இல்லை.

ஆள் கிடைத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கும்பல் சிக்காது. அது எல்லையில் குடியிருப்பதில்லையே! பி.சி.சி. என்ற பெரிய கும்பல் 1993இல் சாவ் பாவ்லோ மாநிலத்துச் சிறை ஒன்றில் உருவானது. அது கடத்தும் கொக்கைன் சாந்தோஸ் துறைமுகத்தில் கன்டெய்னர் ஏறி ஐரோப்பா போகிறது. எல்லை அதற்கு வழியில் வரும் ஓர் இடம், அவ்வளவுதான்.

இதை வயலில் வைத்துப் பார்ப்போம்: வரப்பில் எலி வளை வைத்திருக்கிறது. நம் பக்கத்து ஓட்டையில் மட்டும் புகை போட்டால் அது பக்கத்து வயல் வழியாக வெளியேறிவிடும். இரண்டு வயல்காரர்களும் ஒரே நேரத்தில் இறங்கினால்தான் அகப்படும். தெருவோடு அதிகாரம் முடிந்துவிடுகிற பிரேசில் போலீசின் சங்கடமும் இதுவே.

2011இல் பிரேசில் எல்லைக்கென ஒரு திட்டம் வகுத்தது. 'ஆகட்டா' என்ற பெயரில் ராணுவம் அவ்வப்போது எல்லையில் இறங்கியது. படங்களில் பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் படை திரும்பும்வரை கும்பலால் காத்திருக்க முடியும். அத்திட்டத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: போலீஸ், வருவாய்த் துறை, ராணுவம் எல்லாவற்றையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது. 2016இல் வந்த அடுத்த திட்டம் உளவுத் துறையையும் வெளியுறவு அமைச்சகத்தையும் சேர்த்துக்கொண்டது. பராகுவே மண்ணிலேயே அந்நாட்டு அதிகாரிகளோடு சேர்ந்து பிரேசில் போலீஸ் கஞ்சாத் தோட்டங்களை அழிக்கிறது. மூட்டை தெருவைத் தாண்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அப்படியும் ஓட்டை எங்கே விழுந்தது தெரியுமா? 2020 ஜனவரியில் பெட்ரோ ஹுவான் கபயேரோ சிறையிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்ட கைதிகள் தப்பினார்கள், பெரும்பாலோர் பி.சி.சி. ஆட்கள். சுரங்கம் தோண்டப்பட்டிருந்தது. ஆனால் சிறைக்காரர்களே உடந்தை என்று பராகுவேயின் நீதி அமைச்சரே சொன்னார்.