வாசலில் நின்ற பறை!

கார்த்திகைத் திருநாள். திருவண்ணாமலை. 2,668 அடி உயர மலையின் உச்சியிலே தீபம் எரிகிறது. இலட்சக்கணக்கான மக்கள் 14 கிலோ மீட்டர் நடந்து மலையைச் சுற்றி வருகிறார்கள். 217 அடி உயர இராச கோபுரத்திற்கு உள்ளே நாதசுரம் முழங்குகிறது, தவில் அதிர்கிறது. அதற்குப் பெரிய மேளம் என்று பெயர்.

வட மாவட்டங்களின் ஆதிதிராவிடர் குடியிருப்புகளிலும் பெரிய மேளம் உண்டு. பெயர் ஒன்று, கருவி வேறு, கலைஞன் வேறு, அவன் நிற்க வேண்டிய இடமும் வேறு! உள்ளே ஒலித்தது மங்கல மேளம் ஆயிற்று. வெளியே ஒலித்தது சாவு மேளம் ஆயிற்று. அதுவும் தோல், இதுவும் தோல். அடிக்கும் கை இரண்டும் தமிழன் கை. இழுத்துக் கட்டிய தோலிலே மங்கலம் எது, அமங்கலம் எது என்று கண்டுபிடித்த மேதை யாரோ!

பறை என்ற சொல்லுக்கே ‘சொல்லுதல்’ என்று பொருள். ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களை எண்ணிய தொல்காப்பியம், பறையையும் அவற்றுள் ஒன்றாக எண்ணிற்று. நிலத்துக்கு ஒரு பறை வைத்திருந்த இனம், பிற்காலத்தில் பறைக்கென்று ஒரு சாதியை வைத்தது! இழவு வீட்டில் அடிப்பதும், சாவுச் செய்தி சொல்வதும் அவன் தலைமேல் கடமையாகச் சுமத்தப்பட்டன. மறுத்தால் அடி, அடித்தால் எட்ட நின்று வாங்கிக்கொள்ளும் சோறு. கலையா அது? கட்டாய ஊழியம்!

மானமுள்ள மக்கள் என்ன செய்தார்கள்? பல ஊர்களில் ‘இனிப் பறை அடிக்க மாட்டோம்’ என்று கருவியைக் கீழே போட்டார்கள். தவறென்று யார் சொல்ல முடியும்? அடிமை முறி வேண்டாம் என்பவனிடம், அது அழகான கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கிறதே என்று வாதாடலாமா?

வேறு சிலர் எண்ணம் வேறாக இருந்தது. இழிவு கருவியில் இல்லை, இழிவென்று சொன்னவன் நெஞ்சில் இருக்கிறது. ஆகவே இழிவை எறிவோம், கருவியை எடுப்போம் என்றார்கள். அந்த வழியில் வந்தவர் மதுரை மாவட்டம் அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசான்.

ஏறு தழுவலுக்குப் பெயர் பெற்ற ஊரிலிருந்து பறையைத் தோளில் மாட்டிப் புறப்பட்டவர் அவர். சமர் கலைக்குழுவின் தலைவராக நின்று அடித்தார், ஆடினார், அடுத்த தலைமுறைக்குக் கற்றுக் கொடுத்தார். ‘ஆசான்’ என்ற பெயர் அந்தப் பணியைச் சொல்லும் பெயர்.

எளிய வேலையா அது? மரத்துண்டுகளைப் பொருத்திய வட்டச் சட்டம். அதன்மேல் இழுத்து ஒட்டிய தோல். ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, மறு கையில் மெல்லிய சிம்புக்குச்சி. இரண்டு குச்சிகளில் எத்தனை அடிகள்! சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி என்று பிறப்பு முதல் இறப்பு வரை அடி வைத்திருக்கிறான் பறைக் கலைஞன். அடித்துக்கொண்டே ஆட வேண்டும். குழுவிலே ஒருவன் கால் பிசகினாலும் தாளம் பிசகும்.

2025ஆம் ஆண்டு பத்மஸ்ரீ பட்டியலில் வேலு ஆசான் பெயர் இருந்தது. அதே பட்டியலில் புதுவைத் தவில் கலைஞர் தட்சிணாமூர்த்தி பெயரும் இருந்தது. கோபுர வாசலுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று பிரித்து வைத்த இரண்டு தோற்கருவிகள், ஒரே ஏட்டில் ஒன்றாக இடம் பெற்றன!

கடல் கடந்து பாருங்கள். அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1739இல் கறுப்பின அடிமைகள் கிளர்ந்து எழுந்தனர். மறு ஆண்டே அடிமைகள் முரசு வைத்திருக்கக் கூடாதென்று சட்டம் வந்தது! துப்பாக்கிக்கு அஞ்சுவதுபோல் தோற்கருவிக்கும் அஞ்சினான் வெள்ளை முதலாளி. பறித்தும் என்ன பயன்? அந்த மக்களின் வழிவந்தோர் ஜாஸ் இசையை உலகுக்குத் தந்தார்கள். 1919இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்த ஆர்ட் பிளேக்கி, முரசடிப்பவராகவும் குழுத் தலைவராகவும் ‘ஜாஸ் மெசஞ்சர்ஸ்’ என்ற குழுவோடு, 1990இல் மறையும் காலம் வரை ஊர் ஊராகச் சென்றார். வெய்ன் ஷார்ட்டர், வின்ட்டன் மார்சாலிஸ் போன்றோர் அவர் குழுவில் வாசித்து வளர்ந்தவர்கள். பறிக்கப்பட்ட முரசு பள்ளிக்கூடமே ஆயிற்று!

அங்கே முரசைப் பறித்தார்கள். இங்கே முரசைக் கழுத்தில் கட்டி, மனிதனின் மதிப்பைப் பறித்தார்கள். இரண்டையும் வென்றது கலைஞனின் கை.

ஆனால் விருதோடு வேலை முடிந்துவிட்டதா? இதே திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் ஆதிதிராவிட மக்கள் முதன்முதலாக அடியெடுத்து வைத்தது எப்போது தெரியுமா? 2023ஆம் ஆண்டு, ஜனவரி 30! அதுவும் அதிகாரிகளும் காவல்துறையும் உடன் நின்ற பிறகு! தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டம் 1950இல் வந்தது. மாவட்டத் தலைநகரிலிருந்து அந்த ஊருக்குச் சட்டம் போய்ச்சேர 73 ஆண்டுகள்!

ஆகவே கேட்கிறோம். உங்கள் வீட்டு நிகழ்ச்சிக்குப் பறைக் கலைஞரை அழைக்கிறீர்களே, ‘ஏய்’ என்றா அழைக்கிறீர்கள், ‘ஐயா’ என்றா? அவருக்கு நாற்காலி உண்டா? உங்கள் பந்தியிலேயே இலை உண்டா? பேசிய கூலி கைக்குப் போகிறதா? ‘எனக்கு இந்தத் தொழில் வேண்டாம்’ என்று அவர் மகன் சொன்னால், ‘சரி, தம்பி’ என்கிறீர்களா? ‘எனக்குக் கற்றுக்கொடுங்கள்’ என்று உங்கள் மகள் அவரிடம் போய்க் கேட்டால், தடுக்காமல் அனுப்புகிறீர்களா? இவற்றுக்கு விடை சொல்லிவிட்டுப் பத்மஸ்ரீக்குக் கைதட்டுங்கள்!

பறையை அடிப்பதற்கு முன் நெருப்பில் காட்டிக் காய்ச்சுவார்கள். காய்ந்தால்தான் தோல் இறுகும். இறுகினால்தான் ஒலி எழும். மலையுச்சித் தீபத்தை நாடே அண்ணாந்து பார்க்கிறது. தெருவோரத்தில் வைக்கோலைக் கொளுத்திப் பறை காய்ச்சும் அந்தச் சின்னத் தீயையும் கொஞ்சம் குனிந்து பாருங்கள், தோழர்களே! அதன் அருகே குந்தியிருப்பவனும் மனிதன், மாபெரும் கலைஞன்!