காணொளி விசாரணையில் ஒலிவாங்கி இயங்காதபோது

குடிவரவு மற்றும் புகலிட மேன்முறையீடுகளை விசாரிக்கும் முதல்நிலைத் தீர்ப்பாயத்தின் அமர்வுகளுக்கு இலண்டன்வாசிகள் ரோஸ்பரி அவெனியூவிலுள்ள டெய்லர் ஹவுஸுக்கோ ஹட்டன் கிராஸுக்கோ நேரில் செல்வது வழக்கம். 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பின்னர் சில அமர்வுகள் 'கிளவுட் வீடியோ பிளாட்ஃபார்ம்' எனும் காணொளி முறையிலும் நடைபெறுகின்றன. அதற்கெனத் தனிச் செயலி தேவையில்லை. அனுப்பப்படும் இணைப்பைக் குரோம் போன்ற உலாவியில் திறந்தாற் போதும். ஆனால் மைக் எனப்படும் ஒலிவாங்கி இயங்காவிடின், மேன்முறையீட்டாளரின் முகம் திரையில் தெரியும். அவர் கூறுவது எவருக்கும் எட்டாது. தமிழ் உரைபெயர்ப்பாளரும் அவ்வொலியையே நம்பியிருப்பவர் ஆவார்.

ஆகவே, விசாரணைக்கு ஓரிரு நாட்களுக்கு முன்பே, அன்று பயன்படுத்தவுள்ள அதே கணினியில், அதே அறையில் ஒலிவாங்கியைப் பரிசோதித்தல் வேண்டும். விண்டோஸ் கணினியில் 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'சவுண்ட்' எனச் சென்று 'இன்புட்' பகுதியைப் பார்த்தபடி பேசினால், அங்குள்ள கோடு குரலுக்கேற்ப அசைய வேண்டும்.

கோடு அசையவில்லை எனில், ஒலிவாங்கி பழுதாகிவிட்டதென முடிவுகட்டிப் புதியது வாங்கப் புறப்படுவது பெரும்பாலும் வீண்செலவே. கணினி வேறொரு கருவியைச் செவிமடுத்துக்கொண்டிருக்கக்கூடும். வெப்கேம் ஒன்றை இணைத்திருந்தாலோ, பிள்ளைகளின் புளூடூத் ஹெட்செட் பக்கத்து அறையில் இயங்கிக்கொண்டிருந்தாலோ, கணினி அதனையே தெரிவுசெய்திருக்கலாம். அதே 'இன்புட்' பகுதியில் உரிய கருவியைத் தெரிவுசெய்தல் வேண்டும். ஹெட்செட்டின் கம்பியிலோ விசைப்பலகையிலோ ஒலியை நிறுத்தும் பொத்தான் இருப்பின் அதனையும் கவனித்தல் நன்று. கம்பி வழி ஹெட்செட்டின் முனையில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் பொதுவாக அதில் ஒலிவாங்கி உண்டு. இரண்டே இருந்தால் அது கேட்பதற்கு மட்டும் உரியது. பழைய மேசைக் கணினிகளில் இளஞ்சிவப்புத் துளையே ஒலிவாங்கிக்குரியது.

கோடு அசைந்தும் அழைப்பில் குரல் கேட்கவில்லை எனில், குறை அனுமதியில் இருக்கக்கூடும். விண்டோஸ் 11-இல் 'செட்டிங்ஸ்', 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'மைக்ரோஃபோன்' எனும் பக்கத்தில் பல ஆளிகள் உள்ளன. மேலுள்ளதை மட்டும் இயக்கிவிட்டு நிறுத்திவிடுவது பலரும் செய்யும் தவறு. உலாவிகள் 'டெஸ்க்டாப் ஆப்ஸ்' என்னும் வகையில் அடங்குவதால், கீழேயுள்ள அவ்வாளியும் இயக்கப்பட்டிருத்தல் வேண்டும். மேக் கணினியில் 'சிஸ்டம் செட்டிங்ஸ்' வழியே உலாவிக்கு அனுமதி அளித்து, பின் உலாவியை முழுமையாக மூடித் திறத்தல் வேண்டும். உலாவியும் தன் பங்கிற்கு அனுமதி கேட்கும். அவசரத்தில் 'பிளாக்' என அழுத்தியிருந்தால், முகவரிப் பட்டையின் இடப்பக்கக் குறியைச் சொடுக்கி 'அலவ்' என மாற்றி, பக்கத்தை மீளத் திறக்கலாம். வேறு அழைப்புச் செயலிகள் திறந்திருப்பின் மூடிவிடுவது நல்லது.

விசாரணை நடுவே ஒலி அற்றுப்போனால், மௌனமாக இருப்பதோ, கூறாமல் அழைப்பிலிருந்து விலகுவதோ ஆபத்தானது. அறிவித்தல் கிடைத்த ஒருவர் சமுகமளிக்காதபோது, நீதியின் நலன் கருதி அவரின்றியே விசாரணையைத் தொடர 2014-ஆம் ஆண்டு நடைமுறை விதிகளின் 28-ஆம் விதி தீர்ப்பாயத்திற்கு இடமளிக்கிறது. அதே விதிகளின் 2-ஆம் விதியோ, இயன்றவரை தரப்பினர் முழுமையாகப் பங்கேற்பதை உறுதிசெய்யுமாறு கூறுகிறது. எனவே கையை உயர்த்தியோ, தாளில் எழுதித் திரையில் காட்டியோ உடனே தெரிவிக்கலாம். விசாரணை அறிவித்தல் கடிதமும் அதிலுள்ள மேன்முறையீட்டு எண்ணும் ஒரு தொலைபேசியும் அருகிலேயே இருத்தல் வேண்டும். ஏற்கெனவே கூறிய பதில்களில் எவை கேட்கவில்லை என வினவி, அவற்றை மீளக் கூற அனுமதி கோரலாம். பரிசோதனைக்காகவேனும் விசாரணையைப் பதிவுசெய்தல் கூடாது. அனுமதியற்ற ஒலிப்பதிவு சட்டப்படி தண்டனைக்குரியது.

வீட்டில் ஏற்ற கருவியோ தனி அறையோ இல்லாதவர்கள், நேரில் சமுகமளித்துச் சாட்சியமளிக்க விரும்புவதாகக் காரணங்காட்டித் தீர்ப்பாயத்திற்கு முன்கூட்டியே எழுதலாம். நூலகக் கணினிகள் பொது இடத்தில் உள்ளமையால் இத்தகைய விசாரணைக்குப் பொருந்துவதில்லை. ஆயினும் அக்கடிதத்தைத் தட்டச்சுசெய்து அனுப்ப அவை போதுமானவை.