கோபத்துக்கு ஒரு மூலை

பிரம்பு போய்விட்டது. கொந்தளிக்கும் குழந்தையை அமைதிப்படுத்த ஆசிரியரிடம் என்ன இருக்கிறது? மணலும் மரப்பாச்சியும் உதவக்கூடும், அளவோடு.

மாலை மங்கும் நேரம். ரிஷி வேலி பள்ளி மாணவர்கள் திறந்தவெளியில் வந்து அமர்கிறார்கள். பிரார்த்தனை இல்லை, சொற்பொழிவும் இல்லை. மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பேசாமல் பார்க்கிறார்கள். 'அஸ்தாசல்' என்று அதற்குப் பெயர். 1895இல் மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய இந்தப் பள்ளியில், கணக்கு அறிவியலைப் போலவே சும்மா இருப்பதற்கும் நேரம் உண்டு.

கோட்டைக்குப் பெயர் பெற்ற சந்திரகிரியும் ரிஷி வேலியும் 2022 வரை ஒரே சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தன. ஆனால் விடுதிப் பள்ளிக்கு உள்ள அவகாசம் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளி ஆசிரியைக்கு வாய்ப்பதில்லை. பென்சிலைப் பிடுங்கிய பக்கத்துப் பையனைக் கடித்துவைக்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளையை அவர் அந்த நிமிடமே சமாளித்தாக வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்தது. பிரம்பை வாங்கிக்கொண்ட சட்டம், பதிலுக்கு எதையும் கையில் கொடுக்கவில்லை.

அந்த வெற்றிடத்தில்தான் புலன்வழிக் கருவிகள் நுழைகின்றன. ஆத்திரத்தின் உச்சியில் இருக்கும் ஏழு வயதுக் குழந்தைக்குப் புத்திமதி ஏறாது. உணர்ச்சிக்குக் கடிவாளம் போடும் முன்மூளை முழு வளர்ச்சி பெற இருபது வயதைத் தாண்டிவிடுகிறது. ஆனால் உடல் வழியே குழந்தையை எட்ட முடியும். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் இதயத் துடிப்பு தணிகிறது. காற்றாடியை ஊதிச் சுழற்றும் குழந்தை, தெரியாமலே அதைத்தான் செய்கிறது. பிசைய மாவு, அளைய மணல், அணைத்துக்கொள்ளக் கனமான தலையணை எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஜீன் ஏயர்ஸ் 1972இல் வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடித்தளமிட்டது.

தென்னகத்துக்கு இது முற்றிலும் புதிதல்ல. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரி, சொரசொரப்பும் வழவழப்புமான பலகைகளையும் குலுக்கினால் ஒலிக்கும் உருளைகளையும் இங்குள்ள ஆசிரியர்களுக்கு அறிமுகப்படுத்தினார். அவர் நோக்கம் புலன்களைத் தீட்டுவது. கோபத்தை அடக்குவது அல்ல. ஆனால் அவருடைய 'மௌன விளையாட்டு' அந்த எல்லையைத் தொட்டது. குழந்தைகள் அசையாமல் அமர்ந்திருப்பார்கள். தூரத்திலிருந்து ஆசிரியர் கிசுகிசுப்பாகப் பெயர் சொல்ல, ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் எழுந்து போவார்கள். இதற்குக் காசு செலவில்லை.

சந்தேகங்கள்

எல்லோரும் இதற்குத் தலையாட்டிவிடவில்லை. புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2012இல் எச்சரித்தது. 2017இல் உலகெங்கும் பரவிய விரல் சுழலி, கவனத்தைக் குவிக்கும் என்ற விளம்பரத்தோடு வந்தது. கவனம் சிதறுகிறது என்று வெளிநாடுகளில் பல பள்ளிகள் அதைத் தடை செய்தன. கருவி விளையாட்டுப் பொருளாக மாறிவிட்டால் பயன் போய்விடும். 'அமைதி மூலை'க்குக் குழந்தையைத் துரத்தினால் அது பெஞ்சு மேல் ஏற்றுவதன் மறுவடிவமே. குழந்தை அடிக்கடி கொந்தளித்தால் பசியா, தூக்கமின்மையா, வீட்டில் அடியா, காது கேட்கவில்லையா என்று விசாரிக்க வேண்டும். எந்த மாவு உருண்டையும் அந்த விசாரணைக்கு ஈடாகாது.

இந்த எச்சரிக்கைகளை மறக்காமல் இருந்தால் விலை ஒரு தடையல்ல. திருப்பதி யாத்திரை போனவர்கள் கொலுவுக்கு வாங்கி வந்த மரப்பாச்சி, உள்ளங்கைக்கு இதமான கனம். ஒரு டப்பா புளியங்கொட்டை, ஒரு தட்டு ஆற்று மணல், பழைய துணி அடைத்த தலையணை, ஓலைக் காற்றாடி போதும், மூலை தயார். சச்சரவு இல்லாத நாளிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைப் பழக்க வேண்டும். தீப்பிடித்த பிறகு கிணறு வெட்ட முடியாது.

பொருளைவிடக் கடினமானது ஆள். தொடக்கப் பள்ளியில் 30 பேருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது சட்டம். பல வகுப்புகளை ஒருவரே கவனிக்கும் இடத்தில், அழும் குழந்தையின் அருகே இரண்டு நிமிடம் உட்கார யாருக்கு நேரம்? அந்த இரண்டு நிமிடம் கிடைக்காத பள்ளியில் மணல் தட்டு வெறும் மணல் தட்டுதான்.