கடலேற்றமும் கரையோர மக்களும்

1970 நவம்பர் 12 இரவு, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் போலா தீவையும் சூழ்ந்த கழிமுகத்தையும் தாக்கிய சூறாவளி குறைந்தது மூன்று இலட்சம் உயிர்களைக் கொண்டது. 2007 நவம்பர் 15 அன்று அதே நாட்டில், இன்றைய வங்காளதேசத்தில், கரையேறிய சிதர் புயல், காற்றின் வேகத்தில் அதனினும் வலியது. மாண்டோர் ஏறத்தாழ 3,400 பேர். சுந்தரவனக் காடு சிதரின் சீற்றத்தில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொண்டது மெய்யே. எனினும் இத்துணைப் பெரிய வேறுபாட்டுக்குக் காடு மட்டும் விடையாகாது.

வங்கக் கடல் வடக்கே செல்லச் செல்லக் குறுகும்; ஆழமும் குறையும். புயல் உந்திவரும் நீர் பரவ வழியின்றி மேலெழும். 1991 ஏப்ரல் 29 அன்று சிட்டகாங் கரையில் அது ஏறத்தாழ ஆறு மீட்டர் உயர்ந்தது. அவ்வளவும் இயற்கையின் வேலை. ஆனால் அந்நீர் முதலில் ஏறும் மண்ணில் குடியிருப்பவர் யார்? மேக்னா ஆற்று வண்டல் படிந்து உருவாகும் ‘சர்’ என்னும் புதுத்திட்டுகளில் நிலமற்ற உழவர்கள் குடிசை போடுகின்றனர். இடரை அவர்கள் அறிவார்கள். வேறு நிலம் அவர்களுக்குக் கிட்டுவதில்லை.

1991 புயலில் 20 முதல் 44 அகவையினருள் ஆயிரவருக்கு 15 ஆடவரும் 71 பெண்டிரும் இறந்ததாகக் கணக்கிடப்பட்டது. உடல்வலிமை ஒன்றைக் கொண்டு இதை விளக்கிவிட முடியாது. வெளியே சென்ற கணவன் சொல்லாமல் வீட்டைவிட்டு இறங்கலாகாதென்று காத்திருந்தவர்கள் உண்டு. நனைந்த சேலை காலைச் சுற்ற, இடுப்பில் குழந்தையோடு நீந்த முடியாதவர்கள் உண்டு. புகலிடத்தில் பெண்களுக்குத் தனியிடமும் கழிப்பறையும் இல்லையென்று தயங்கியவர்களும் உண்டு. வானிலைப் படம் எதிலும் இவை தெரியா. பேரிடர் ஆய்வில் குமுகாயத்தின் நலிவு எனப்படுவது இதுவே; புயல் பிறக்குமுன்பே அது வீட்டுக்குள் இருக்கிறது.

தாங்குதிறனும் அங்கிருந்தே வளர வேண்டும். 1972-இல் செஞ்சிலுவை இயக்கத்தால் தொடங்கப்பெற்று, அடுத்த ஆண்டு அரசும் கைகோத்த சூறாவளி முன்னேற்பாட்டுத் திட்டத்தின் தொண்டர்கள் ஊர்க்காரர்களே. கம்பத்தில் மூன்று கொடி ஏறினால் பேரிடர் நெருங்கிவிட்டதென்று பொருள். நடக்கவியலாத மூதாட்டி எந்த வீட்டில் இருக்கிறாள் என்பது ஒலிபெருக்கி ஏந்தி வருபவனுக்குத் தெரியும். பெண் தொண்டர்கள் பெருகிய பின், ஆடவர் நுழையாத உள்வீடுவரை எச்சரிக்கை சென்றது. இவற்றுள் நான் பெரிதும் மதிப்பது ‘கில்லா’ எனும் மண்மேட்டை. மாட்டை விட்டு வரமாட்டேன் என்ற உழவனைக் கடிந்துகொள்ளாமல் மாட்டுக்கும் மேடு எழுப்பிய அறிவு அது.

ஆயினும் இறப்புக் குறைந்ததை மட்டும் வைத்து வெற்றியை அளப்பது போதாது. 2009 மே மாத அய்லாப் புயலில் மாண்டோர் சில நூற்றுவரே. ஆனால் உடைந்த தடுப்புக் கரைகள் நெடுநாள் அடைபடவில்லை. உவர்நீர் ஓதத்தோடு வயலுக்குள் வந்துபோயிற்று, நெல் விளையவில்லை, குளத்து நீர் குடிக்க உதவவில்லை. குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் கரைமேட்டிலேயே குடிசையிட்டு வாழ்ந்தன. பலர் ஊரைவிட்டே போயினர். உயிரைக் காக்கக் கொடியும் புகலிடமும் போதும்; பிழைப்பைக் காக்க, அடுத்த மழைக்காலத்துக்கு முன் கரையை அடைக்கும் பணமும் பொறுப்பும் வேண்டும். அந்த வேலை இன்னும் பின்தங்கியே நிற்கிறது.