வாசற்படியோடு நிற்கும் சட்டம்

புது தில்லி: சத்தீஸ்கர் மாநிலம் ஜகதல்பூரில் 2017 டிசம்பரில் கணவரின் பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண் ஒருவர், மாஜிஸ்திரேட்டிடம் மரண வாக்குமூலம் அளித்துவிட்டு மருத்துவமனையில் உயிரிழந்தார். விசாரணை நீதிமன்றம் கணவருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2025 பிப்ரவரியில் மாநில உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மனைவியின் வயது 15-க்கு மேல் என்றால் கணவரின் செயல் பாலியல் பலாத்காரம் ஆகாது. அங்கே மனைவியின் சம்மதத்துக்கு முக்கியத்துவம் இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்புக்கு அடிப்படை, 1860-ல் ஆங்கிலேயர் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 375-வது பிரிவில் இருந்த விதிவிலக்கு. தொடக்கத்தில் அதில் இருந்த வயது வரம்பு வெறும் 10. கல்கத்தாவில் 1890-ல் பூல்மணி தாசி என்ற சிறுமி, தன்னைவிடப் பல மடங்கு வயது மூத்த கணவரால் ரத்தம் பெருகி இறந்தபோது, அவள் பத்து வயதைக் கடந்துவிட்டாள் என்பதால் பலாத்காரக் குற்றச்சாட்டு எழவே இல்லை. கணவருக்குக் கிடைத்தது ஓராண்டு கடுங்காவல். அடுத்த ஆண்டே வரம்பு 12 ஆக உயர்த்தப்பட்டது. அதையும் மதத்தில் தலையிடுவதாகக் கூறித் திலகர் உள்ளிட்டோர் எதிர்த்தனர். பின்னர் அது படிப்படியாக 15 ஆனது. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 18 என்றது. மாறியதெல்லாம் வயதுதான்; விதிவிலக்கு அப்படியே இருந்தது.

அதை நீக்க நாடாளுமன்றத்துக்கு வாய்ப்பு வராமல் இல்லை. தில்லி மாணவி கொடூரத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு, 2013 ஜனவரியில் அளித்த அறிக்கையில் இந்த விதிவிலக்கை நீக்குமாறு பரிந்துரைத்தது. குழுவின் பல பரிந்துரைகளை ஏற்ற அரசு, இதை ஒதுக்கிவைத்தது. மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்ற நிலைக்குழுவோ, விதிவிலக்கை நீக்கினால் குடும்ப அமைப்பே பெரும் நெருக்கடிக்கு உள்ளாகும் என்றது. அந்த நெருக்கடி இப்போதும் பல வீடுகளில் இருக்கத்தான் செய்கிறது. அதைச் சுமப்பவர் மனைவி மட்டும்.

மாநிலங்களவையில் 2015 ஏப்ரலில் திமுக உறுப்பினர் கனிமொழி எழுப்பிய கேள்விக்கு உள்துறை இணை அமைச்சர் ஹரிபாய் சௌத்ரி எழுத்து மூலம் பதிலளித்தார். கல்வியின்மை, வறுமை, சமூக வழக்கங்கள், திருமணத்தைப் புனிதமாகக் கருதும் மனப்போக்கு ஆகியவற்றால் இக்கருத்து இந்தியச் சூழலுக்குப் பொருந்தாது என்றார் அவர். வறுமையும் கல்வியின்மையும் பாதுகாப்புக்குக் காரணமாகக் காட்டப்படுவது வழக்கம். இங்கே பாதுகாப்பை மறுக்கக் காரணமாயின.

காலனிய முத்திரையை அழிப்பதாகக் கூறி 2023 டிசம்பரில் பாரதிய நியாய சம்ஹிதா நிறைவேறியபோது, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 140-க்கும் மேற்பட்டோர் இடைநீக்கத்தில் இருந்தனர். தேசத் துரோகப் பிரிவின் பெயர் மாறியது, எண்கள் மாறின. ஆங்கிலேயரின் இந்த விதிவிலக்கு மட்டும், வயதைத் திருத்திக்கொண்டு 63-வது பிரிவில் குடியேறியது. பிரிந்து வாழும் மனைவியைக் கணவர் பலாத்காரம் செய்தால் மட்டும் 67-வது பிரிவின்படி குற்றம். தண்டனை 2 முதல் 7 ஆண்டுகள். அதே குற்றத்தை அயலார் செய்தால் குறைந்தபட்சம் 10 ஆண்டுகள்.

பெண்களுக்கு எதிரான குற்றங்களாக 2022-ல் நாடு முழுவதும் பதிவானவை சுமார் 4.45 லட்சம். அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கணவரோ அவரது உறவினரோ இழைத்த கொடுமை. குற்றம் பெருமளவில் நடக்கும் இடம் வீடு என்பதை அரசின் ஆவணமே ஒப்புக்கொள்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் பாலியல் கொடுமையையும் வன்முறை என்றே வரையறுக்கிறது. ஆனால் அதன்மூலம் கிடைப்பது பாதுகாப்பு ஆணை, தங்குமிட உரிமை, பண நிவாரணம் ஆகியவையே.

பொய்ப் புகார்கள் பெருகும் என்ற அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. எனினும், புகார் மெய்யா பொய்யா என்பதை விசாரித்துத்தான் அறிய வேண்டும். விசாரணையே கூடாது என்பதற்கு அந்த அச்சம் காரணமாகாது.

தில்லி உயர் நீதிமன்றத்தில் 2022 மே 11-ல் நீதிபதிகள் இருவரும் மாறுபட்டுத் தீர்ப்பளித்தனர். விதிவிலக்கு செல்லாது என்றார் ராஜீவ் சக்தேர். செல்லும் என்றார் சி. ஹரிசங்கர். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2024 அக்டோபரில் மத்திய அரசு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம், திருமண உறவில் இதைப் பலாத்காரம் என்பது மிகக் கடுமையானது என்றும், முடிவெடுக்க வேண்டியது நாடாளுமன்றமே என்றும் கூறியது. சம்ஹிதாவை அதே நாடாளுமன்றம் நிறைவேற்றி அப்போது ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை.

அம்மாதம் வாதங்கள் தொடங்கின. நவம்பரில் தாம் ஓய்வு பெறுவதற்குள் விசாரணையை முடிக்க இயலாது என்று கூறிய தலைமை நீதிபதி சந்திரசூட், வழக்கை வேறோர் அமர்வு விசாரிக்கட்டும் என்று ஒத்திவைத்தார்.