ஒரே நாள், நாலு நம்பர்!

நம்ம அணை நிரம்பினால் ஊரே என்ன சொல்லும்? "120 அடி ஆயிடுச்சு!" என்போம். ஆனால் கடல் மட்டத்திலிருந்து அளந்தால் அதே தண்ணீரின் உயரம் 790 அடி. இரண்டும் சரிதான். அணைக்காரர்களின் பூஜ்யம் கடல் மட்டத்துக்கு 670 அடி மேலே இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கம்ப்யூட்டரில் தேதியும் இதே கதைதான். நாள், மாதம், வருடம் என்று நாம் பார்ப்பதெல்லாம் திரைக்கு மட்டும். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு நம்பர்: ஏதோ ஒரு தொடக்க நாளிலிருந்து எத்தனை நாள், அல்லது எத்தனை விநாடி ஆயிற்று என்கிற எண்ணிக்கை. அந்தத் தொடக்க நாள் எது என்பதில்தான் ஆளுக்கொரு வழி.

மேட்டூர் அணை திறக்கப்பட்ட 1934 ஆகஸ்ட் 21-ஐ வைத்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

எக்செல்லில்: 12,652
பழைய மேக் கம்ப்யூட்டர்களின் எக்செல்லில்: 11,190
யூனிக்ஸ் கணக்கில்: மைனஸ் 12,917 நாள்
நம் பஞ்சாங்கக் கலி கணக்கில்: 18,39,205

நாள் ஒன்றுதான், நம்பர் நாலு! ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எக்செல்லில் 1900 ஜனவரி 1 என்பது நம்பர் 1. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1900 லீப் வருடம் கிடையாது (100-ஆல் வகுபடும், 400-ஆல் வகுபடாது). ஆனாலும் எக்செல் அந்த வருடத்துக்கு பிப்ரவரி 29-ஐக் கொடுத்திருக்கிறது. அதற்கு முன்னால் கொடிகட்டிப் பறந்த லோட்டஸ் 1-2-3 அப்படிச் செய்திருந்தது. அந்த ஃபைல்கள் இங்கேயும் ஓட வேண்டுமே என்று அதையே வைத்துக்கொண்டார்கள். மேக் எக்செல்லோ 1904 ஜனவரி 1-ஐ பூஜ்யம் ஆக்கியது. இரண்டுக்கும் இடைவெளி 1,462 நாள். இந்த முறையில் எழுதிய தேதியை அந்த முறை ஃபைலில் அப்படியே ஒட்டினால் 4 வருடமும் 1 நாளும் நகர்ந்துவிடும். எர்ரர் எதுவும் வராது. தப்பான தேதி சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். அதுதான் ஆபத்து.

யூனிக்ஸுக்கு பூஜ்யம் 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவு. அதற்கு முந்தைய நாளெல்லாம் மைனஸ். ஜி.பி.எஸ். 1980 ஜனவரி 6-லிருந்து வாரங்களை எண்ணுகிறது. வார எண்ணுக்கு ஆரம்பத்தில் கொடுத்தது 10 பிட்தான், அதாவது 1,024 வாரம். 1999 ஆகஸ்ட் 21 கிரீன்விச் நள்ளிரவை ஒட்டி அது நிரம்பி மீண்டும் பூஜ்யத்துக்கு வந்தது. நம் இஸ்ரோவின் நாவிக் அந்த நள்ளிரவைத்தான் தன் தொடக்கமாக எடுத்துக்கொண்டது. நம்ம ஊர் கடிகாரத்தில் அப்போது ஆகஸ்ட் 22 காலை 5.30, அணைக்கு 65 வயது முடிந்த மறுநாள்!

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். நம் பஞ்சாங்கக்காரர்கள் கி.மு. 3102 பிப்ரவரி 18-ஐ கலியுகத் தொடக்கமாக வைத்து நாட்களை எண்ணி வந்தவர்கள். 18,39,205-ஐ 7-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 4. கலி தொடங்கியது வெள்ளிக்கிழமை. அதிலிருந்து 4 நாள் தள்ளினால் செவ்வாய். 1934 ஆகஸ்ட் 21 செவ்வாய்க்கிழமையேதான்!

இவ்வளவு பெரிய எண்ணை வைத்துக்கொண்டு சந்திரனைக் கணக்கிடுவது கஷ்டம். அதற்கு வாக்கிய முறையில் ஒரு வழி வைத்திருந்தார்கள். முதலில் 16,00,984-ஐக் கழி. அதாவது பூஜ்யத்தை கி.பி. 1282-க்கு நகர்த்து. மீதியை 12,372-ஆல் வகு, அதன் மீதியை 3,031-ஆல், பிறகு 248-ஆல். இந்த மூன்றும் சந்திரனின் வேகம் கூடிக் குறைந்து பழைய நிலைக்கு வரும் சுற்றுகள் முழுசாக முடியும் நாட்கள். நம் அணை நாளுக்குப் போட்டால் கடைசியில் நிற்பது வெறும் 122. மனப்பாடமாக இருக்கும் 248 வாக்கியங்களில் அதற்குரியதை எடுத்தால் போதும். சோழிகளை வைத்தே சந்திர கிரகணத்தைக் கணக்கிட்ட ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றி ஜான் வாரன் என்ற அதிகாரி 1825-ல் சென்னையில் வெளியான 'கால சங்கலிதா' நூலில் எழுதியிருக்கிறார். பூஜ்யத்தை நகர்த்துவது, வகுத்து மீதியை எடுப்பது: இன்றைய புரோகிராமர் செய்வதும் இதே வேலைதான்.

சரி, இதெல்லாம் டிப்ளமோ படிக்கிற நமக்கு எதற்கு? சொல்கிறேன். பழைய யூனிக்ஸ் வகைக் கருவிகள் விநாடியை 32 பிட்டில் வைத்தன. குறிக்கு ஒரு பிட் போனால் 31 மீதி. அதில் அடங்கும் பெரிய எண் 214,74,83,647. அந்த விநாடி வருவது 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. செவ்வாய்க்கிழமை, முதல் ஷிப்ட் ஓடிக்கொண்டிருக்கும் நேரம்! அடுத்த விநாடி எண் மைனஸுக்குத் தாவும்; கருவி 1901 டிசம்பர் 14 என்று காட்டும். அந்த வருடம் நம்ம அணைக்கு ஒரு கல்கூட வைக்கவில்லை.

புதிய கம்ப்யூட்டர்கள் 64 பிட்டுக்குப் போய்விட்டன. ஆனால் தொழிற்சாலையில் ஒரு கண்ட்ரோலரை மாட்டினால் இருபது, முப்பது வருடம் கழற்ற மாட்டார்கள். மீட்டர், டேட்டா லாகர், ரிலே எல்லாமே அப்படித்தான். 2038-ல் அவற்றின் முன்னால் சூப்பர்வைசராக நிற்கப் போவது வேறு யாருமில்லை, நாம்தான். அலாரம் வந்த வரிசை, மெயின்டனன்ஸ் எப்போது என்ற கணக்கு எல்லாம் தேதியை நம்பித்தான் இருக்கிறது.

ஆகவே வேலைக்குப் போனதும் மூன்று விஷயம் செய்வோம். ஒரு கருவி வந்தால், "இதன் பூஜ்யம் எது, எத்தனை பிட், எப்போது நிரம்பும்?" என்று கேட்போம். ஓடுகிற மெஷினில் கை வைக்காமல், ஸ்பேர் இருந்தால் அதில் தேதியை 2038-க்குத் தள்ளிச் சோதிப்போம். ஒரு ஃபைலிலிருந்து இன்னொன்றுக்குத் தேதியை மாற்றும்போது, தெரிந்த ஒரு நாளை முதலில் போட்டு, கிழமை சரியாக வருகிறதா என்று பார்ப்போம்.

நம்பரை மட்டும் எழுதிவைத்தால் பாதி விஷயம்தான். எங்கிருந்து எண்ணினோம் என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின்னால் அந்த நாற்காலிக்கு வருகிறவன் உங்களை வாழ்த்துவான்!