துறைமுக ஆணையமும் கணக்கில் வராத மணலும்

கப்பல் வந்து நிற்கும் நீர்ப்பரப்பையும் அதை ஒட்டிய நிலத்தையும் பொதுச் சொத்தாகக் காத்து, பயன்படுத்துவோரிடம் கட்டணம் பெற்று, அந்த வருவாயிலேயே தூர்வாருதல் முதல் பாதுகாப்பு வரையான பணிகளை நடத்துவதற்காகச் சட்டத்தால் அமைக்கப்படும் நிறுவனமே துறைமுக ஆணையம் ஆகும். கடற்கரையே இல்லாத தர்மபுரி மாவட்டத்தில், காபியும் மிளகும் விளையும் வத்தல்மலை போன்ற ஊர்களுக்கு இது தொலைதூரச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் நம் நாட்டு நிலங்களுக்கு இடப்படும் பொட்டாஷ் உரம் ஏறக்குறைய முழுவதும் கப்பலில் வருவதால், துறைமுகக் கட்டணத்தின் ஒரு பங்கு மலையடிவாரத்து உரக்கடை விலையிலும் அடங்கியிருக்கிறது.

இந்தியா முழுமைக்கும் ஒரே துறைமுக ஆணையம் என்று ஒன்று கிடையாது. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி, பெருந்துறைமுகங்கள் ஒன்றிய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. ஏனைய துறைமுகங்கள் பொதுப் பட்டியலில் இடம்பெற்று, மாநில நிர்வாகத்தில் இயங்குகின்றன. பெருந்துறைமுகம் என்ற தகுதியைத் தருவது சரக்கின் அளவு அன்று, அரசின் அறிவிக்கையே. நாட்டிலேயே மிகுதியான சரக்கைக் கையாளும் முந்த்ரா, குஜராத் கடல்சார் வாரியத்தின் கீழேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் சென்னை, எண்ணூர், தூத்துக்குடி ஆகிய மூன்றும் பெருந்துறைமுகங்கள். கடலூர், நாகப்பட்டினம் முதலிய சிறு துறைமுகங்களைத் தமிழ்நாடு கடல்சார் வாரியம் கவனிக்கிறது. கப்பல்களின் பதிவு, மாலுமிகளின் தகுதிச் சான்று ஆகியவை 1949-இல் மும்பையில் தொடங்கப்பட்ட கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் பொறுப்பில் உள்ளன.

இத்தகைய அமைப்பு ஏன் தேவைப்பட்டது என்பதற்குச் சென்னையின் வரலாற்றைக் காட்டிலும் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. இயற்கைத் துறைமுகம் எதுவும் இல்லாத இந்தக் கரையில், கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆணி அடிக்காமல் பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துச் செய்த மசூலா படகுகளே அலை முறியும் இடத்தைக் கடந்து ஆட்களையும் மூட்டைகளையும் கரை சேர்த்தன. இறுகப் பிணைத்த படகு உடைந்துபோகும் அலையில், தைத்த படகு வளைந்து கொடுத்துத் தப்பியது. 1861-இல் இரும்புப் பாலம் ஒன்று கடலுக்குள் நீட்டப்பட்டது. 1875-இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள், முடிவடையும் தறுவாயில் 1881 நவம்பர்ப் புயலில் சிதைந்தன. மீண்டும் கட்டப்பட்டபோது கிழக்கு நோக்கிய வாயிலில் மணல் சேரத் தொடங்கியது. ஒரு வணிகரின் கைப்பணத்தால் தாங்க முடியாததும், ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தை நம்பும் அரசுத் துறையால் தொடர்ந்து கவனிக்க இயலாததுமான இந்தச் சுமையைத் தாங்கவே, சொந்த வருவாயும் கடன் பெறும் அதிகாரமும் கொண்ட துறைமுகப் பொறுப்புக் கழகம் 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருப்பெற்றது. 1904 முதல் 1919 வரை துறைமுகத்தை நடத்திய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கு வாயிலை அடைத்து வடகிழக்கில் புதிய வாயில் திறந்ததே இன்றைய துறைமுகத்தின் அடிப்படை.

விடுதலைக்குப் பின் 1963-ஆம் ஆண்டுச் சட்டம் பெருந்துறைமுகங்களுக்குப் பொதுவான விதியைத் தந்தது. அதன் இடத்தைப் பிடித்த 2021-ஆம் ஆண்டுச் சட்டம் கழகங்களை ஆணையங்களாக்கி, கட்டண வரம்பை வகுக்கும் உரிமையை அவற்றின் குழுமங்களுக்கே வழங்கியது. நடைமுறையில் ஆணையம் இன்று நில உடைமையாளராகவே பெரிதும் இயங்குகிறது: கப்பலுக்கு வழிகாட்டும் பைலட், இழுவைப் படகு, தூர்வாருதல் ஆகியவற்றை அது பார்த்துக்கொள்ள, 1983-இல் சென்னையில் தொடங்கிய கன்டெய்னர் முனையம் 2001 முதல் தனியார் இயக்கத்தில் இருக்கிறது.

எல்லைக்குள் நடப்பதற்கெல்லாம் கணக்கு வைக்கும் இந்த அமைப்பு, எல்லைக்கு வெளியே தன்னால் விளைவதற்கு நெடுங்காலம் பொறுப்பேற்கவில்லை என்பதே இதன் பெருங்குறை. சென்னைத் துறைமுகத்தில் கையாளப்பட்ட நிலக்கரியின் தூசு சுற்றுப்புற வீடுகளிலும் எதிரேயுள்ள உயர்நீதிமன்றத்திலும் படிந்துவந்த நிலையில், 2011-இல் நீதிமன்ற உத்தரவால்தான் அந்தச் சரக்கு எண்ணூருக்கு இடம்பெயர்ந்தது. அவ்வாறு மாற்றுவதால் தூசு மறைந்ததா, எண்ணூருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. மணலின் கதை இன்னும் பழையது. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்காக நகரும் மணலைத் துறைமுகச் சுவர் மறித்ததால், தெற்கே மெரினா அகன்று கிடக்க, வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரை அரிக்கப்பட்டு, மீனவர் வீடுகள் கடலுக்குள் சென்றன. அங்கே அரசு கொட்டிய பாறைச் சுவர்களும் தூண்டில் வளைவுகளும் மணலைத் தம் தெற்குப் பக்கத்தில் பிடித்துவைத்துக்கொண்டு, அரிப்பை வடக்கே இருக்கும் அடுத்த குப்பத்துக்குத் தள்ளிவிடுகின்றன.